ஸ்பானிஷ் பேசும் மயாமி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரிடாவில் மயாமியை ஒட்டியிருக்கும் ஹயலியா நகரில், ஒரு மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்பது என் வேலை. வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. டெக்சஸிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் இந்தப் பக்கம் வேலை மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் மொழியைப் பற்றித்தான். கூடவே, "நாளைக்கு அமெரிக்கா முழுக்க ஆங்கிலம் போய் ஸ்பானிஷ் வந்துவிட்டால் சனங்கள் என்ன செய்வார்கள்?" என்றும் சிலர் கேட்பார்கள். அதற்கு நான் கற்பனையில் பதில் தேட வேண்டியதில்லை. நான் நிற்கும் இடத்தில் அது பாதி நடந்துவிட்ட காரியம்.

ஹயலியாவில் ஆங்கிலம் தெரியாமலே காலம் தள்ள முடியுமா?

வாயை வைத்துத் தள்ளலாம். ஊரில் 2.2 லட்சம் பேர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போல வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். பெரும்பாலும் கியூபாவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். காலையில் கடை ஜன்னலில் ('வெந்தானீத்தா' என்பார்கள்) நின்றபடி காப்பி வாங்குவதில் தொடங்கி, கார் மெக்கானிக், பல் டாக்டர், வங்கி, வக்கீல், கடைசியில் அடக்கம் செய்கிற இடம்வரை எல்லாமே ஸ்பானிஷில் முடிந்துவிடும். கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை ஸ்பானிஷ்தான். மாநிறமும் கறுத்த முடியும் இருந்தால் நம்மையும் கொலம்பியாவா, டொமினிகன் குடியரசா என்றுதான் நினைப்பார்கள்.

தாள் விஷயம் வேறு. வீட்டுக்கடன் பத்திரம், இன்சூரன்ஸ் கடிதம், வாடகை ஒப்பந்தம், போக்குவரத்துப் போலீஸ் எழுதிக் கொடுக்கும் சீட்டு, பல சமயம் மருந்து டப்பாவில் ஒட்டிய லேபிள்கூட ஆங்கிலத்தில்தான் வருகிறது. வாயில் ஸ்பானிஷ், தாளில் ஆங்கிலம். ஒரு மொழியின் இடத்துக்கு இன்னொன்று வரும்போது வாயும் தாளும் ஒரே நாளில் மாறுவதில்லை. நான் பார்த்த கஷ்டங்களெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுடையவை.

இது எப்படி நடந்தது? யாராவது சட்டம் போட்டார்களா?

சட்டம் பின்னால்தான் வந்தது. 1959 ஜனவரியில் கியூபாவில் ஆட்சி ஃபிடல் காஸ்ட்ரோவின் கைக்குப் போனது. முதலில் கிளம்பி வந்தவர்கள் டாக்டர்கள், வக்கீல்கள், ஆலை முதலாளிகள், வியாபாரிகள். சில மாதங்களில் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்பி வந்தவர்கள் என்பதால், மொழியை விடவேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. 1965 முதல் 1973 வரை அமெரிக்க அரசே விமானம் விட்டு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தது. 1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து ஆறே மாதத்தில் ஏறக்குறைய 1.25 லட்சம் பேர் படகில் வந்து இறங்கினார்கள். அதன் பின் நிகராகுவா, கொலம்பியா, வெனிசுவேலா என்று வரத்து நிற்கவேயில்லை.

ஆள் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. முதலில் வந்தவர்கள் கடை வைத்தார்கள், கட்டடம் கட்டினார்கள், வங்கி நடத்தினார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. பிறகு வெனிசுவேலாவின் கராகஸிலிருந்தும் கொலம்பியாவின் போகொத்தாவிலிருந்தும் பணக்காரர்கள் பொருள் வாங்கவும் பணம் போட்டுவைக்கவும் மயாமிக்கு வர ஆரம்பித்தார்கள். ஸ்பானிஷ் தெரிந்த விற்பனையாளருக்குக் கிராக்கி ஏறியது. கல்லாப்பெட்டி எந்த மொழியில் நிறைகிறதோ அந்த மொழியைக் கடைக்காரர் கற்றுக்கொள்வார். இதற்கு அரசாணை தேவையில்லை. 1973இல்தான் மயாமியும் ஹயலியாவும் அடங்கிய டேட் கவுன்ட்டி (நம் மாவட்டம் போல) நிர்வாகம் தன்னை இருமொழிக் கவுன்ட்டி என்று அறிவித்தது. அதற்கு வெகுமுன்பே கடைத்தெரு இருமொழிக்கு மாறியிருந்தது.

எதிர்ப்பு இருந்ததா?

கடுமையாக. மரியேல் படகுகள் வந்த அதே 1980இல், நவம்பர் மாதம், கவுன்ட்டி வாக்காளர்கள் அந்த இருமொழி அறிவிப்பைத் தூக்கியெறிந்தார்கள். ஆங்கிலம் தவிர வேறெந்த மொழிக்கும் கவுன்ட்டிப் பணத்தைச் செலவழிக்கக்கூடாது என்று விதி வந்தது. மருத்துவம், அவசர உதவி போன்றவற்றுக்குப் பிறகு விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1988இல் ஃபுளோரிடா மாநிலமே வாக்கெடுப்பு நடத்தி ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அரசியலமைப்பில் சேர்த்தது. மயாமியில் 1980ஆம் ஆண்டு விதி 13 வருஷம் நின்றது. 1993இல் கவுன்ட்டி கமிஷனர்கள் அதை ரத்து செய்தார்கள்.

அந்த 13 வருஷத்தில் தெருவில் ஸ்பானிஷ் குறையவில்லை, கூடியது. குறைந்தது துண்டறிக்கையும் அறிவிப்புப் பலகையும்தான். அதாவது, ஏற்கெனவே ஆங்கிலத் தாளைப் படிக்க முடியாதவர்களுக்குத் தாள் இன்னும் தூரமாகப் போனது. 2025 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஆணை ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழி என்று அறிவித்தது. அதுவரை கூட்டாட்சி அளவில் அப்படி எதுவும் இருந்ததில்லை. அதோடு, ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கு அரசு அலுவலகங்கள் மொழி உதவி செய்யவேண்டும் என்ற 2000ஆம் ஆண்டு ஆணையும் ரத்தானது. என் கவுன்ட்டரில் மறுநாளும் எல்லோரும் ஸ்பானிஷில்தான் பேசினார்கள். எனக்குக் கவலை, அவர்கள் கையிலிருக்கும் கடிதங்களைப் பற்றி.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த பழைய ஆட்கள் என்ன ஆனார்கள்?

நிறையப் பேர் வடக்கே ப்ரோவர்ட் கவுன்ட்டிக்கும் அதற்கு மேலேயும் குடிபெயர்ந்தார்கள். "மயாமியை விட்டுக் கடைசியாகக் கிளம்பும் அமெரிக்கர் கொடியையும் எடுத்து வரவும்" என்ற வாசகத்தைக் கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிந்தார்களாம். அந்த வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பிறந்து வளர்ந்த ஊரில் காய்கறிக்கடையில் நின்றுகொண்டு, சுற்றிலும் பேசுவது புரியாமல் விழிக்கிற வயதானவரைப் பார்த்தால் எனக்கு மனசு கனக்கும். அவர் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. தங்கியவர்களில் வயதில் சிறியவர்கள் வேலைக்காகக் கற்றுக்கொண்டார்கள். முடிந்தவரை ஆங்கிலம் நடமாடும் இடங்களில் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டவர்களும் உண்டு.

போக வசதியும் இல்லாமல், கற்றுக்கொள்ள வாய்ப்பும் இல்லாமல் போனவர்கள் கறுப்பின மக்கள். ஓட்டல் வேலை, கடை வேலை, அலுவலக வரவேற்பு வேலை எல்லாவற்றுக்கும் 'இருமொழி தெரிந்தவர் தேவை' என்று விளம்பரம் வந்தால், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து ஆங்கிலம் மட்டும் பேசும் ஏழைக்குத்தான் முதல் அடி விழும். ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள் நிலைமை இன்னும் சிரமம்: வீட்டில் கிரெயோல், தாளில் ஆங்கிலம், வேலையிடத்தில் ஸ்பானிஷ். தேர்தல் வாக்குச்சீட்டு இங்கே மூன்று மொழியிலும் அச்சாகிறது என்பது ஓர் ஆறுதல்.

ஆகவே, 'மக்கள் பழகிக்கொள்வார்கள்' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். வசதி உள்ளவர் இடம் மாறுகிறார். இளவயது உள்ளவர் கற்றுக்கொள்கிறார். இரண்டும் இல்லாதவர் தலையில் சுமை இறங்குகிறது.

ஆஸ்பத்திரி, மருந்துக்கடையில் என்ன நடக்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

'ஒருமுறை' என்பதற்கான ஆங்கிலச் சொல் 'ஒன்ஸ்'. அதன் எழுத்துகள் ஓ, என், சி, ஈ. இதே நான்கு எழுத்தை ஸ்பானிஷ்காரர் 'ஒன்செ' என்று படிப்பார். பொருள், பதினொன்று. 'நாளைக்கு ஒன்ஸ்' என்று லேபிளில் ஆங்கிலத்தில் இருந்தால், அரைகுறையாக எழுத்துக் கூட்டுகிற ஒரு பாட்டி நாளைக்குப் பதினொரு மாத்திரை என்று புரிந்துகொள்ளலாம். இரத்த அழுத்த மாத்திரையில் இது விளையாட்டில்லை. நாங்கள் அந்தச் சொல்லைத் தொடுவதேயில்லை; '1' என்று எண்ணால் குறித்து, டப்பாவைக் கையில் கொடுத்து, விரலை நீட்டிக் காட்டி, வாங்குகிறவர் வாயால் ஒருதரம் திருப்பிச் சொல்லச் சொல்வேன்.

தெற்கு ஃபுளோரிடாவில் 1980இல் நடந்த ஒன்றை மருத்துவ மொழிபெயர்ப்பு படிக்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். 18 வயதுப் பையன் ஒருவனை மயக்க நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டார் 'இந்தொக்சிகாதோ' என்றார்கள். கியூபாக்காரர் வாயில் அதற்கு, சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கேட்டவர்களுக்கோ ஆங்கிலத்தில் அதைப்போலவே ஒலிக்கும், 'போதையில் இருக்கிறான்' என்ற பொருளுள்ள சொல் காதில் விழுந்தது. போதைமருந்து என்று முடிவுகட்டிச் சிகிச்சை செய்தார்கள். உண்மையில் மூளைக்குள் இரத்தக்கசிவு. பையனுக்குக் கைகால் நான்கும் செயலிழந்துபோனது. வழக்கு ஏறக்குறைய 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் புரிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். என்னைப் பயமுறுத்துவது அதுதான். புரியாதபோது யாரும் ஒருதரம் கூடக் கேட்பார்கள். புரிந்ததாகத் தோன்றினால் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று, குழந்தைகள். ஒன்பது வயதுப் பேத்தி பாட்டிக்காக என்னிடம் ஆங்கிலத்தில் பேசவருவாள். பாட்டிக்கு என்ன வியாதி என்று அந்தக் குழந்தை வாயால் கேட்டுச் சொல்லவேண்டியிருக்கும். குழந்தையை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது, உயிர்போகிற அவசரம் தவிர, என்று 2016இல் கூட்டாட்சி விதி வந்தது. நல்ல விதி. நான் ஸ்பானிஷ் கற்றதற்கு முதல் காரணமே அந்த மாதிரி ஒரு பேத்திதான். அவள் பாட்டியிடம் எதையோ மறைத்துச் சொன்னாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு மொழி தெரியவில்லை.

பள்ளிக்கூடம்?

மயாமியின் கோரல் வே தொடக்கப்பள்ளியைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1963இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடு அங்கே இருமொழி வகுப்பு தொடங்கியது. பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் ஸ்பானிஷ். கியூபப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்காமல், ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். இரண்டு பக்கப் பிள்ளைகளும் இரண்டிலும் எழுதப்படிக்கக் கற்றார்கள். அரசுப் பள்ளிகளில் இன்றைய இருமொழிக் கல்விக்கு அதுவே முன்னோடி, இன்றும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு வாயும் தாளும் இரண்டு மொழியிலும் சேர்ந்தே கிடைத்தால், மேலே சொன்ன கஷ்டத்தில் பெரும்பகுதி எழாது. உங்கள் வீட்டுப் பக்கத்தில் இத்தகைய வகுப்பு இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். தமிழ் போய்விடுமே என்று பயப்படவேண்டாம். தமிழை வீட்டில் நாம் பேசாமல் விட்டால்தான் அது போகும்.

சட்டம் போட்டே மொழியை மாற்றிய இடம் உண்டா?

புவேர்ட்டோ ரிக்கோவைப் பாருங்கள். 1898 போருக்குப் பின் அந்தத் தீவு ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தது. 1902இல் இரண்டு மொழிகளும் ஆட்சிமொழி என்றார்கள். பள்ளிகளிலோ ஐம்பது வருஷம் ஆங்கிலத்தைத் திணித்துப் பார்த்தார்கள். ஒரு கமிஷனர் எல்லா வகுப்பும் ஆங்கிலம் என்பார். அடுத்தவர் நாலாம் வகுப்புவரை ஸ்பானிஷ் என்பார். அதற்கடுத்தவர் மறுபடி மாற்றுவார். 1949இல் மரியானோ வில்யரோங்கா கல்விப் பொறுப்பில் இருந்தபோது பயிற்றுமொழி ஸ்பானிஷ் என்று உறுதியானது. அரை நூற்றாண்டுக் கட்டாயத்துக்குப் பிறகும் தீவு வீட்டில் பேசுவது ஸ்பானிஷ்தான்.

1991இல் ஸ்பானிஷ் மட்டுமே ஆட்சிமொழி என்று ஆளுநர் ரஃபேல் எர்னாந்தெஸ் கொலோன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்காக அந்த ஆண்டு ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் இலக்கிய விருது புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கே வழங்கப்பட்டது. இரண்டே வருஷத்தில், 1993இல், ஆட்சி மாறியதும் மறுபடி இருமொழி.

இவ்வளவுக்கும் நடுவே, தீவின் தலைநகர் சான் ஹுவானில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அங்கே ஜூரியாக உட்கார ஆங்கிலம் தெரிந்திருக்கவேண்டும். தீவில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் சரளமில்லை. தன் ஊர்க்காரன்மேல் நடக்கும் வழக்கில் அவர்களுக்கு இடமில்லை என்றுதானே அர்த்தம்? இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எதிர்த்திசையில், ஸ்பானிஷ் போய் ஆங்கிலம் வந்த நாடு?

பிலிப்பைன்ஸ். அதுவும் 1898 போரில்தான் கைமாறியது. 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க ஆசிரியர்கள் போய் இறங்கினார்கள். ஒரு தலைமுறைக்குள் பள்ளியும் பத்திரிகையும் ஆங்கிலத்துக்குத் திரும்பின. அங்கே ஸ்பானிஷ் சாதாரண சனங்களின் வீட்டுமொழியாக என்றுமே இருந்ததில்லை. மேல்தட்டும் வக்கீல்களும் குருமார்களும் பேசியது. அதனால் வாயிலிருந்து அது போவது சுலபமாக இருந்தது. தாளிலிருந்து போகவில்லை. காலனிக் காலத்து அரசு ஆவணங்கள் மொழிபெயர்க்கப்படாமல் குவிந்து கிடந்ததால், அவற்றுக்காகவே 1973இல் ஓர் ஆணை போட்டு ஸ்பானிஷை ஆட்சிமொழிகளில் ஒன்றாக நீட்டித்தார்கள். 1987 அரசியலமைப்பில்தான் அது அந்த இடத்தை இழந்தது. பேசுவோர் குறைந்துபோய் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும், தாத்தாவின் நிலப்பத்திரத்தைப் படிக்க அந்த மொழி வேண்டியிருந்தது.

பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் இன்றும் நாற்காலிக்கு 'சில்யா', ஜன்னலுக்கு 'பிந்தானா', கரண்டிக்கு 'குத்சாரா'. எல்லாம் ஸ்பானிஷ் விட்டுப்போனவை. போர்த்துகீசியர் போனபின்னும் நம் வாயில் சன்னலும் சாவியும் அலமாரியும் தங்கிவிட்டதுபோல.

தமிழர்களுக்கு இதுபோல அனுபவம் இல்லையா?

இலங்கையில் உண்டு. 1956இல் 33ஆம் இலக்கச் சட்டம் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுச் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. மயாமியில் வாய் முதலில் மாறியது என்றால், அங்கே தாள் முதலில் மாறியது. ஆங்கிலத்தில் வேலைபார்த்த தமிழ் உத்தியோகத்தர்கள் நடுவயதில் சிங்களப் பரீட்சை எழுதித் தேறினால்தான் சம்பள உயர்வும் பதவி உயர்வும். முடியாதவர்கள் வேலையை விட்டார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 31 வருஷம் கழித்து. ஆங்கிலத்தின் இடத்துக்கு வேறொரு மொழி வருவது மட்டும் நியாயத்தைக் கொண்டுவந்துவிடாது என்று எங்கள் தெருவிலிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார். அவர் கொழும்பில் வேலைபார்த்தவர். மேலே நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஸ்பானிஷின் நடுவில் இருக்கும் ஆங்கிலமும் மாறுகிறதா?

ஆமாம், அழகாக மாறுகிறது. மயாமியில் பிறந்த பிள்ளைகள், ஸ்பானிஷே சரியாக வராதவர்கள்கூட, 'கெட் டவுன் ஃப்ரம் த கார்' என்பார்கள். மற்ற அமெரிக்கர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஸ்பானிஷில் காரிலிருந்து 'இறங்குவது', அதன் நேர் அச்சு இது. ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஃபிலிப் கார்ட்டர் இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார். நமக்கு இதில் வியப்பே இல்லை. பஸ்ஸிலிருந்து நாமும் அதே 'கெட் டவுன்' தானே. முதன்முறை இந்த ஊர்ப் பையன் ஒருவன் அப்படிச் சொல்லக் கேட்டபோது எனக்குச் சொந்த ஊர் ஆள் பேசியதுபோலிருந்தது.

சாப்பாட்டில் மட்டும் கவனம். இங்கே ஆங்கிலத்தில் 'மீட்' என்றாலும் ஸ்பானிஷில் 'கார்னே' என்றாலும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். 'கார்னே வேண்டாம்' என்றால் கோழியோ பன்றி ஹாமோ வந்து நிற்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கோழி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வேண்டாம் என்று சொல்லவேண்டும். கறுப்பு பீன்ஸிலும் பன்றிக்கறி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அமெரிக்கா முழுக்க ஒருநாள் ஸ்பானிஷ் ஆகிவிடுமா?

நான் அப்படி நினைக்கவில்லை. நாடு முழுக்க 4 கோடிப் பேருக்கு மேல் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், உண்மை. ஆனால் அவர்கள் பிள்ளைகளைப் பாருங்கள். அலெஹாந்த்ரோ போர்ட்டெஸ், ரூபென் ரும்பாவுட் என்ற இரு சமூகவியலாளர்கள் 1992இல் தொடங்கி, மயாமிப் பகுதியிலும் சான் டியேகோவிலும் குடியேறிகளின் பிள்ளைகள் 5,000க்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். மிகப் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கிலத்தைத்தான் விரும்பினார்கள். கவுன்ட்டரிலும் அதையேதான் பார்க்கிறேன். பாட்டி ஸ்பானிஷில் கேட்கிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பதால்தான் ஹயலியாவில் ஸ்பானிஷ் நிற்கிறது. வரத்து நின்றால் இரண்டு தலைமுறையில் இதுவும் கரையத் தொடங்கும். நம் வீடுகளில் தமிழுக்கு நடப்பதை வைத்து இதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

தமிழ் தெரிந்தவருக்கு ஸ்பானிஷ் கடினமா?

ஆங்கிலம் கற்றதைவிடச் சுலபம். ஆங்கிலம் வழியாகக் கற்காமல், தமிழிலிருந்து நேராகப் போனால் இன்னும் சுலபம். இதை யாரும் சொல்லித்தராததால் நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன்.

முதலில் ஒலி. தமிழில் 'தங்கம்' என்பதில் க அழுத்தமாக ஒலிக்கும், 'அகம்' என்பதில் மெலிந்துவிடும். 'பந்து' வேறு, 'அது' வேறு. மெல்லினத்துக்குப் பின் வல்லெழுத்து அழுந்தும், இரு உயிருக்கு நடுவே குழையும். ஸ்பானிஷிலும் இதே வழக்கம். 'தெங்கோ' (என்னிடம் இருக்கிறது) என்பதில் தங்கத்தின் க. 'அமீகோ' (நண்பன்) என்பதில் அகத்தின் க. 'தோந்தெ' (எங்கே) என்பதில் பந்தின் த. 'லாதோ' (பக்கம்) என்பதில் அதுவின் த. அமெரிக்கர்கள் வருஷக்கணக்கில் பயிலும் உச்சரிப்பு நமக்கு நாக்கிலேயே இருக்கிறது. 'ஆனால்' என்பதற்கு 'பெரோ', நாய்க்கு 'பெறோ'. கரியும் கறியும் வேறு என்று பள்ளியில் தமிழாசிரியர் நாக்கை அதிரவைத்துச் சொல்லிக்கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அலைக்கோடு போட்ட 'என்' எழுத்து நம் ஞ.

பிறகு வாக்கியம். 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதை ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கவேண்டும். ஸ்பானிஷில் 'மெ குஸ்தா எல் கஃபே': எனக்கு, பிடிக்கும், காப்பி. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மெ துவேலெ லா கபேசா'. இதே 'எனக்கு'! மருந்துக்கடையில் பாதிப் பேச்சு இந்த ஒரு அமைப்பில் முடிந்துவிடுகிறது. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருப்பதுபோல 'ஆப்லோ' என்றால் போதும், தனியாக 'நான்' வேண்டாம்.

கஷ்டமும் உண்டு. உயிரில்லாத பொருளுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால். மேசை பெண், புத்தகம் ஆண். 'இரு' என்பதற்கு இரண்டு வினைச்சொல், இயல்புக்கு ஒன்று, நிலைமைக்கு ஒன்று. இவற்றைப் பேசிப் பேசித்தான் பிடிக்கவேண்டும்.

'நீ', 'நீங்கள்' வித்தியாசம் உண்டா?

உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். கியூபர்கள் சீக்கிரமே 'தூ'வுக்கு இறங்கிவிடுவார்கள். கொலம்பியர்களில் பலர் வீட்டாரிடமே 'உஸ்தெத்' போடுவார்கள். வயதானவர்களிடம் நீங்கள் என்றே தொடங்குங்கள், நம் ஊர் மரியாதைதான். கடைக்காரம்மா உங்களை 'மி அமோர்' என்பார், 'மி ரெய்னா' என்பார். நேர்ப்பொருளைத் தேடவேண்டாம். 'மி ரெய்னா'வை ராசாத்தி என்று எடுத்துக்கொண்டால் அதன் வாஞ்சை அப்படியே வந்துவிடும்.

பாடத்தில் படித்த ஸ்பானிஷ் இங்கே செல்லுமா?

பெரும்பாலும் செல்லும், சில இடத்தில் சறுக்கும். நான் மெக்சிகோ வழக்குப் பாடத்தில் கற்றேன். 'அஓரீத்தா' என்றால் 'இதோ இப்போதே' என்று படித்திருந்தேன். மருந்து எடுக்கப் போகும்போது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு உள்ளே போனால், வெளியே வரும்போது ஆள் இருக்கமாட்டார். கியூபர்களுக்கு 'அஓரீத்தா' என்றால் 'அப்புறமாக'. அவரும் அப்புறமாக வரப் போய்விட்டார். பஸ்ஸுக்கு இங்கே 'குவாகுவா'. சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் விழுங்கப்படும். பப்பாளிக்குக் கியூபர்களிடம் 'ஃப்ரூத்தா பொம்பா' என்று கேளுங்கள். 'பப்பாயா' என்பது அவர்களிடையே வேறு பொருள் தரும், பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

பெயர், பிறந்த தேதி விஷயத்தில் குழப்பம் வருமா?

வரும். அவர்களுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர். நமக்கோ அப்பா பெயரே கடைசிப் பெயர், அல்லது வெறும் தலைப்பெழுத்து. 'இரண்டாவது குடும்பப் பெயர் என்ன?' என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதே எல்லா இடத்திலும் இருக்கட்டும். தேதியை அவர்கள் நம்மைப்போல நாள், மாதம் என்று சொல்வார்கள். அமெரிக்கத் தாளில் மாதம் முதலில். 4/3 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று எனக்கே தினம் சந்தேகம் வரும். மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டு மாதத்தில் வருகிறேன். எதிலிருந்து தொடங்கட்டும்?

1 முதல் 31 வரை எண்கள், பன்னிரண்டு மாதங்கள், உடம்பின் உறுப்புகள், 'மெ துவேலெ'. உங்களுக்கு ஒவ்வாத மருந்து இருந்தால் 'சோய் அலேர்ஹிகா ஆ' (ஆண்கள் 'அலேர்ஹிகோ ஆ'), பிள்ளைகளுக்கு இருந்தால் 'சோய்'க்குப் பதில் 'எஸ்' என்று தொடங்கி அந்த மருந்தின் பெயர். புரியாவிட்டால் தலையாட்டாமல், 'ரெபீத்தா, போர் ஃபவோர்' (தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள்) என்று கேளுங்கள்; எத்தனை தரம் கேட்டாலும் இந்த ஊரில் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். தாளில் எது வந்தாலும், கையெழுத்துப் போடுமுன் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பக்கத்துவீட்டு கியூபப் பாட்டியின் ஆங்கிலக் கடிதத்தை நீங்கள் படித்துக் காட்டினால், உங்கள் ஸ்பானிஷை அவரே திருத்திக்கொடுப்பார். எனக்கு அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில், அவர் வீட்டுச் சமையலறை மேசையில், தண்ணீர்வரி பில்லை நடுவில் வைத்துக்கொண்டு.